சாம்பல் தொப்பியின் பின்பக்கம்

"பின்பக்கத்தையே எத்தனை தடவை தேய்ப்பே? முன்னாடி தூசு அப்படியே இருக்கு பாரு."

"பின்னாடிதாங்க அழுக்கு சேருது."

"உன் கண்ணுக்கு மட்டும் எப்படித்தான் தெரியுதோ!"

இப்படிச் சொல்லிவிட்டு என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி, சாம்பல் நிறத் தொப்பியின் முன்விளிம்பைத் தானே துடைத்துக்கொள்வார் என் கணவர். கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில், பூப்போல. மாற்றித் தேய்த்தால் ஃபெல்ட் துணியின் ரோமம் கோபித்துக்கொள்ளுமாம்.

இன்று காலை அதே அலமாரி முன்னால் பல் டாக்டர் நின்றுகொண்டிருந்தார்.

பழைய பொருள் சந்தையில் ஒரே தொப்பிக்காக என் கணவரோடு மல்லுக்கு நின்று, கடைசியில் நண்பரானவர். இரண்டு தொப்பிப் பெட்டிகளில் பூச்சி விழுந்துவிட்டதைப் பார்த்ததும் நான்தான் அவரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் காப்பாற்ற இனி என்னால் ஆகாது. டாக்டரிடம் இருந்தால் பிழைத்துக்கொள்ளும்.

வந்ததும் முதல் வேலையாகக் கை கழுவினார். ஒவ்வொரு தொப்பியாக எடுத்து, உள்ளே இருந்த தோல் பட்டையை விரலால் புரட்டி, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பல்லைப் பிடுங்கும் கை, விளிம்பை மட்டும் விரல் நுனியால் தொட்டது.

"இருக்கறது ஒரு தலை, இவருக்கு எதுக்கு டாக்டர் பத்தொன்பது தொப்பி?"

"இதை அவர்கிட்டயே கேட்டீங்களாமே! உங்க செருப்பை எண்ணிட்டு வந்து பேசச் சொன்னாராமே!"

இருவரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது.

தெரு குறுகல் என்பதால் காரை முனையில், தபால் பெட்டிக்கு அருகே விட்டிருந்தார். பதினெட்டு பெட்டிகளையும் நான்கைந்து நடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, விடைபெற வந்தவரின் கண் ஜன்னலோரத்தில் நின்றது.

சாம்பல் தொப்பி. அதைக் கொடுப்பதாக நான் சொல்லவே இல்லை.

மற்றவை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கும் அலமாரிக்கும். இது ஒன்றுதான் வேலைக்கு. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. எட்டு இருபதுக்குக் கிளம்பினால், அவரைப் பார்த்துத் தெருவே கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும். முப்பத்தோரு வருஷம்.

பதினோரு மாதத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, அச்சகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் இந்தத் தொப்பி இருந்தது. உச்சியைக் கொத்தாகப் பிடித்து நசுக்கியிருந்தார்.

"அப்படிப் பிடிக்காதீங்க, மடிப்பு விழுந்துடும்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன்.

காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் கிளம்பிய அன்று, கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, அந்த மடிப்பை நீராவியில் காட்டிக் காட்டி நிமிர்த்தினேன். அன்றிலிருந்து தொப்பி ஜன்னலோரத்துத் தாங்கியில் இருக்கிறது.

டாக்டர் இரண்டு கைகளாலும் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் தெரியும்படி வைத்தார். நான் போய்த் திருப்பி வைத்தேன். கை தானாகச் செய்ததுதான். பின்பக்கம் அறையைப் பார்த்து இருப்பதே வழக்கம்.

டாக்டர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"முன்னாடி புதுசு மாதிரி இருக்கு. பின்னாடி மட்டும் ரோமம் தேஞ்சுபோயிருக்கேம்மா. நாற்காலில சாஞ்சு தூங்குவாரோ?"

"அவரா? சாயவே மாட்டார்."

"அப்ப எப்படி?"

நான் பிரஷ்ஷை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

"ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்துக்கறேம்மா. அப்புறம் வெச்சிடறேன்."

போட்டுக்கொண்டு சுவர்க் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

அவர் முதுகு எனக்குத் தெரிந்தது. கழுத்துக்கு மேலே லேசாக நிமிர்ந்த பின்விளிம்பு. இடது ஓரத்தில் பட்டு நாடாவின் முடிச்சு. நடுவே, நான் தேய்த்துத் தேய்த்து மழுங்கடித்த உள்ளங்கை அளவு இடம்.



"எடுத்துக்கோங்க டாக்டர்."

"ஐயோ, வேணாம்மா. இது அவரோட தொப்பி."

"எடுத்துக்கோங்க. பெட்டி வேண்டாம். போட்டுக்கிட்டே போங்க."

அவர் வெகுநேரம் மறுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுப்பதை நிறுத்தினார். படியில் இறங்கும்போது அனிச்சையாக முன்விளிம்பைத் தொட்டுக்கொண்டார். என் கணவரும் அப்படித்தான் தொடுவார்.

நான் ஜன்னலுக்கு வந்தேன். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து, தினமும் அவர் வேலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நான் நிற்கும் இடம். வலது கையை ஊன்றி ஊன்றி, கட்டையில் பெயின்ட் போய்விட்டது.

சாம்பல் தொப்பி தெருவில் நடக்கத் தொடங்கியது.

ஒரு வாசகம் முப்பத்தோரு வருஷமாக என் தொண்டையில் இருந்தது. தினமும் எட்டு இருபதுக்கு மேலே ஏறி வரும். எட்டு இருபத்திரண்டுக்கு இறங்கிவிடும். இதையெல்லாமா கேட்டு வாங்குவது என்று ரோஷம். கேட்டிருந்தால் சிரித்துவிட்டுச் செய்திருப்பார், பாவம். அவருக்குத் தெரியவே தெரியாது.

தொப்பி மூன்றாவது வீட்டைத் தாண்டிவிட்டது.

ஜன்னலைத் திறந்தேன்.

"டாக்டர்! அந்தத் தபால் பெட்டிகிட்டப் போனதும், ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பாத்துட்டுப் போங்களேன்."