சின்னவளுக்கு ராஜ உபசாரம்

சின்னவள் ஒரு தும்மல் போட்டாள். வீடே பதறியது.

"சளியா?" என்று அம்மா ஓடி வந்து நெற்றியைத் தொட்டாள்.

"தூசிம்மா."

"துடைப்பத்தைக் கீழ போடு. ஸ்டெம் செல் சிகிச்சை முடியற வரைக்கும் நீ ஒரு வேலையும் செய்ய வேணாம்."

அண்ணன் அவளுடைய சைக்கிள் சாவியை ஒளித்து வைத்திருந்தான். "விழுந்து கிழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது, மகாராணி?"

சாப்பிட்டாயா என்றுகூட ஒருநாளும் கேட்காத அப்பா, ஆப்பிளை நறுக்கி நீட்டினார்.

இத்தனை பேர் சுற்றி இருந்தும் மனசுவிட்டுப் பேச அவளுக்கு ஆளில்லை. ஊசி நினைப்பில் இரவெல்லாம் தூக்கமில்லை. சொன்னால், "இந்த நேரத்துல என்ன பேச்சு இது?" என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

செல்போன் அடித்தது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அக்கா பேசினாள். குரல் நைந்திருந்தது.

"என்னடி, உன்னைப் பொத்திப் பொத்தி வெச்சிருக்காங்களாமே?"

"ஆமாக்கா."

"உன் ரத்தத்துல இருந்து எடுக்கற ஸ்டெம் செல்லைத்தானே எனக்கு ஏத்தப் போறாங்க, அதான். அது கிடக்கட்டும். உனக்குப் பயமா இருக்கா?"

வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி. சின்னவள் செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வேணாம்னா சொல்லுடி. உன் மேல பழி வராம டாக்டர்கிட்ட நானே பேசிக்கறேன்."

"பயமாத்தான் இருக்குக்கா," என்றாள் சின்னவள். "ஆனா உனக்குத்தானே? வரேன்."