ஒரு அட்டைக்கு ஒரு அத்தியாயம்

"ஒரு நூலக அட்டைக்கு ஒரு அத்தியாயம். அதுக்கு மேல நகல் எடுக்க விடமாட்டேன்."

போடில் என்ற அந்த நூலகப் பொறுப்பாளர் இதைச் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனவள். குரலில் உயிரே இல்லை.

பாடப்புத்தகத்தோடு எதிரே நின்ற சிஸ்ஸெலுக்குக் கண் கலங்கிவிட்டது. நர்ஸ் படிப்பு படிக்கிற பெண்.

"திங்கட்கிழமை பரீட்சைங்க. ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு. இதுவும் போனா காலேஜை விட்டே அனுப்பிடுவாங்க. ஓடென்சே ஊர்க் கடைகள்ல எங்கயும் இந்தப் புத்தகம் இல்ல."

"வெளியே எடுத்துட்டுப் போகவும் கூடாது. காப்புரிமைச் சட்டம் நான் போட்டதில்ல."

"மொத்தமே எட்டு அத்தியாயம்தாங்க!"

"எண்ணத் தெரியுதில்ல? இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வாராவாரம் போல காலேஜ் மொத்தமும் கீழே கூடி பீர் குடிச்சிட்டிருக்கு. நீயும் அங்கே போ. இங்கே நின்னு அழாதே."

நகல் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை நேரத்தில் காபி குடித்தேன் என்று என்னை மேலிடத்தில் போட்டுக்கொடுத்தவள்தானே இவள்! மூன்று வருடமாக அவளுக்கு நான் வணக்கம் சொல்வதில்லை.

சிஸ்ஸெல் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினாள்.

"கல்நெஞ்சக்காரி" என்று முணுமுணுத்தேன்.

"காதுல விழுது, எஸ்பென்" என்றாள் போடில்.

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் ஒரே சத்தம். சிஸ்ஸெலுக்குப் பின்னால் பீர் வாடையோடு ஆறு பேர். எல்லோர் கையிலும் நூலக அட்டை.

போடில் ஒவ்வொரு அட்டையையும் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"டம்ளரை வெளியே வெச்சுட்டு வா. நீ ரெண்டாவது அத்தியாயம். நீ மூணு. டேய், பாட்டெல்லாம் கீழே போய்ப் பாடு!"

ஏழு அத்தியாயத்துக்கு ஆள் ஆயிற்று. சிஸ்ஸெல் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் ஒரு ஆள் வேணும். எஸ்பென், உங்ககிட்ட அட்டை இருக்கா?"

சட்டைப்பையில்தான் இருந்தது. நாளைக்கு ஏதாவது வம்பு வந்தால் யார் பதில் சொல்வது?

"வீட்ல வெச்சுட்டேம்மா" என்றேன்.

நூலகம் மூடும் மணி அடித்தது. போடில் எழுந்தாள். விளக்கை அணைக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

கழுத்தில் தொங்கிய பணியாளர் வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கைப்பையிலிருந்து தன் சொந்த நூலக அட்டையை எடுத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

"எஸ்பென், எட்டாவதுதான் ரொம்பப் பெருசு. காகிதம் போதுமான்னு பாருங்க."