ஏழு நாள் நனையக் கூடாது

நான்காவது சக்கரத்தில் தண்ணீர் உருளவில்லை.

மற்ற மூன்றிலும் பாட்டிலைச் சாய்த்ததும் முத்து முத்தாகத் திரண்டு ஓடிவிட்டது. இடது பின்சக்கரத்தில் மட்டும் அப்பிக்கொண்டு, பரவி, அழுக்காக வழிந்தது.

அவர் இன்னொரு முறை ஊற்றினார். அதேதான்.

மூன்றுக்குப் பூசிவிட்டு நான்கு என்று சொல்லியிருக்கிறார்கள்.

பெட்ரோல் பங்கில் இறங்கி நின்று மீட்டரைப் பார்க்கிறவர் அவர். தேங்காய் வாங்கும்போது தேங்காயையும் தட்டுவார், கடைக்காரர் முகத்தையும் பார்ப்பார். அவரிடமேவா?

தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமலிருக்க அலாய் சக்கரங்களுக்கு செராமிக் கோட்டிங் போட்டு இன்றோடு எட்டு நாள். ஏழு நாள் நனையக் கூடாது, முடிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் காரை உறை போட்டு மூடிவிட்டு ஏழு நாளும் ஸ்கூட்டரில் ஆபீஸ் போனார். இரண்டு நாள் கோவை முழுக்கத் தூறல். நனைந்தது அவர்தான்.

மனைவி வாசலுக்கு வந்தாள். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. புதன்கிழமை குக்கர் சுட்டுவிட்டதாம்.

ஒரு சக்கரம்தானே, விட்டுவிடுங்கள் என்றாள்.

கொசுறுக் கறிவேப்பிலை தர மறந்தால் சந்தைக்கே திரும்பிப் போகிறவள் அவள். விட்டுவிடச் சொல்கிறாள். அதுவும் அவருக்குச் சரியாகப் படவில்லை.

காரில் ஏறியதும் இன்னொன்று கண்ணில் பட்டது. பக்கத்து சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. கடை ஆட்கள் உள்ளே காலை நீட்டி உட்கார்ந்து ஊர்க்கதை பேசியிருக்கிறார்கள். அதையும் சேர்த்துக் கேட்பதாக முடிவு செய்தார்.

கடைக்காரன் மயில்சாமி எதிர்த்துப் பேசவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரை விரலால் தடவினான்.

"சார், இது நான் பூசின வீலே இல்லீங்க. புது டயர்ல இருக்கற ரப்பர் முடிகூட உதிரல பாருங்க. ஓடாத டயர். இது உங்க ஸ்டெப்னிங்க."

ஸ்டெப்னியும் அலாய்தான். வாங்கிய புதிதில் எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். டிக்கிக்குள் கிடப்பதற்கு எதற்குக் கோட்டிங், நான்கு போதும் என்றதும் அவர்தான்.

மயில்சாமி டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினான்.

உள்ளே அந்த நான்காவது சக்கரம். டயரில் ஆணி. காற்று இல்லை.

அவர் கொண்டுவந்திருந்த பாட்டிலில் மிச்சமிருந்ததை மயில்சாமி அதன்மேல் ஊற்றினான். தண்ணீர் உருண்டு ஓடியது.

அவர் அதைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த ஜாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஒரு துண்டில் சுற்றியிருந்தது. சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. அவர் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது.

மேலே இரண்டு முடிச்சு. நுனி உள்ளே செருகியிருந்தது.

ஓடும்போது ஜாக்கி சத்தம் போடாமல் இருக்க அப்படிக் கட்டுவது அவர் வழக்கம். அதை ஒரே ஒருத்திக்குத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். லைசன்ஸ் வாங்கிய அன்று, கார் சாவியை அவள் கையில் கொடுக்கும் முன்.

மனைவி சந்தைவரை ஓட்டுவாள். ஜாக்கியைத் தொட்டதுகூட இல்லை.

மகள் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு பொள்ளாச்சிக்குப் போய் இரண்டு வருடம். இந்த வீட்டிலிருந்து யாரும் அங்கே போகக் கூடாது என்று அவர் சொன்னபோது மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஒத்துக்கொண்டாள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் கொழுந்தியாள் பக்கத்து இலையில் உட்கார்ந்து, எட்டாம் மாசம் என்று பொதுவாகச் சொன்னாள். அவர் ரசம் கேட்டு வாங்கினார்.

கோபம்தான் முதலில் வந்தது.

பின்னாலேயே பயம் வந்தது. எந்த இடத்தில் பஞ்சரானதோ. எவ்வளவு நேரம் மகள் அந்த வயிற்றோடு ரோட்டோரம் நின்றாளோ. நின்றபடியே ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பாள். தாய்க்காரி கை கிழியக் கிழிய நட்டைத் திருப்பியிருப்பாள்.

அவர் போய் முன்கதவைத் திறந்தார். பக்கத்து சீட்டைப் பார்த்தார். காலை நீட்டுவதற்காக யாரும் அதைத் தள்ளவில்லை.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

இடையில் வண்டியை யாராவது எடுத்தார்களா என்று மயில்சாமி கேட்டான். நான்தான் எடுத்தேன், மறந்துவிட்டேன் என்றார். வாழ்நாளில் ஒரு கடைக்காரனிடம் அவர் தப்பை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதுவும் பொய்.

பஞ்சர் ஒட்டி, பூசிய சக்கரத்தை மாட்டச் சொன்னார். ஸ்டெப்னியில் காற்றைப் பார்க்கச் சொன்னார். சந்தேகமாக இருந்தது. இன்னொரு முறை பார்க்கச் சொன்னார்.

ஜாக்கியைத் துண்டோடு அப்படியே வைத்தார்.

வீட்டு வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தைத்தான் பார்த்தாள், சக்கரத்தை அல்ல. கடைக்காரன் என்ன சொன்னான் என்று கேட்டாள்.

"பூச்சு சரியா ஒட்டலையாம். மறுபடி பூசியிருக்கான். இன்னும் ஏழு நாளைக்கு நான் வண்டிய எடுக்கக் கூடாதாம்."

அவள் துணி சுற்றிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவர் கார் சாவியை ஆணியில் மாட்டினார். உறையை எடுத்தவர் காரை மூடாமல் மடித்து உள்ளே வைத்தார். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, திரும்பாமலே சொன்னார்.

"ஸ்டெப்னில காத்து இருக்கு."