பூவாளியின் உபசாரம்

பனிமலைப் பாறையிடுக்கிலிருந்து ஒரு குட்டிப் பூச்செடி தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. வந்த விருந்தாளியைச் சும்மா விடலாமா என்று பூவாளி ஓடிவந்து தண்ணீர் ஊற்றியது.

"போதுங்க. சரளைக்கல்லும் குளிர்காத்தும் இருந்தாலே நான் பூத்துடுவேன். வேர்ல ஈரம் தங்கினா எனக்கு ஆகாது" என்றது செடி.

பூவாளிக்குச் சிரிப்பு வந்தது. புது இடத்தில் யார்தான் முதல் தடவையே வேணும் என்பார்கள்?

"கூச்சப்படாதீங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்று இன்னும் ஊற்றியது.

"ஐயோ, போதுங்க!"

மறுபடியும் ஊற்றியது.

வேர் அழுகிச் செடி சாய்ந்தது. அதைச் சுமந்திருந்த மண்தொட்டி பூவாளியை முறைத்தது.

"என்னை ஏன் முறைக்கிறே?" என்றது பூவாளி. "கடைசிவரைக்கும் வாய்விட்டுக் கேக்கவே இல்லையே. தாகத்தோடயே போயிடுச்சு, பாவம்."