கடைசிச் சீட்டு

"ஐயா, கையை விரிங்க."

சீட்டுப் பானைக்குள் போகவிருந்த போதகரின் கை அப்படியே நின்றது. விரலிடுக்கில் தாள் முனை ஒன்று தெரிந்தது.

கேட்டவள் தையல்காரி. நிறைமாதக்காரி. போதகரின் பேச்சை நம்பி, மாமியார் வீட்டோடு முறைத்துக்கொண்டு, புருஷனோடு இங்கே புதிதாகக் குடிவந்தவள்.

ஒரே வீடு, ஒரே அடுப்பு, எட்டுக் குடும்பங்கள். போதகர் ஆரம்பித்து வைத்த கூட்டு வாழ்க்கை அது. யாருக்கு எந்த அறை என்பதை வருஷா வருஷம் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். மாடியில் பால்கனி வைத்த அறை விழுந்தால் யோகம். படிக்கட்டுக்கு அடியிலிருக்கும் அறை விழுந்தால் போச்சு. ஜன்னல்கூடக் கிடையாது, குனிந்தபடியே வருஷத்தை ஓட்ட வேண்டியதுதான்.

போதகர் குடும்பத்துக்கு எப்போதும் படிக்கட்டு அறைதான் விழும். ஐயாவுக்கு ராசியே இல்லை என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

புதிதாக வந்தவர்கள் கடைசியில் எடுக்க வேண்டும், அவர்களுக்கு முன்னால் போதகர். சீட்டு எழுதிப் பானையில் போடுவதும் போதகர்தான். அதுதான் வழக்கம். மற்றவர்கள் எடுத்து முடித்துவிட்டார்கள். பால்கனி அறையும் படிக்கட்டு அறையும்தான் பாக்கி.

போதகர் கையை விரித்தார். உள்ளே மடித்த சீட்டு ஒன்று. அங்கே குடியிருக்கும் தச்சர் வாங்கிப் படித்தார்.

"பால்கனி அறை."

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. தையல்காரி பானையின் அடியில் ஒட்டியிருந்த ஒரே சீட்டைப் பிய்த்து எடுத்தாள். படிக்கட்டு அறை.

"இந்த இருட்டுலயா நான் பிள்ளை வளர்க்கணும்? இதை என் தலையில கட்டத்தானே பார்த்தீங்க?"

"சீட்டை ஒளிச்சது தப்புதாம்மா" என்றார் போதகர், தலை நிமிராமல்.

தச்சருக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் கஷ்டப்பட்ட மனுஷன், பெற்ற பிள்ளைகளுக்காக ஒரு தடவை சறுக்கிவிட்டார், விட்டுவிடலாம் என்றார்.

லாரி டிரைவரின் மனைவி மட்டும் யோசனையாக இருந்தாள்.

"இருங்க. நாங்க புதுசா வந்தப்போ எங்களுக்கு விழுந்தது பால்கனி அறைதான்."

"எங்களுக்கும்" என்றாள் நர்ஸ்.

தச்சர் வந்த வருஷமும் அதே அறைதான். பெயின்டருக்கும் அதேதான்.

"அப்போ ஐயா திருட வரலை" என்றாள் டிரைவரின் மனைவி, தையல்காரியைப் பார்த்து. "நல்ல சீட்டை உனக்காக உள்ளே போட்டுட்டு, மத்ததை எடுத்துக்க வந்திருக்கார்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியும் இந்த மனுஷரைத் தெரிந்துகொள்ளவில்லையே என்று ஆளுக்கு ஆள் மலைத்துப் போய் நின்றார்கள்.

போதகர்தான் சங்கடத்தோடு முனகினார். "நானா குடுத்தா வாங்கிக்க மாட்டீங்க. சீட்டுல விழுந்தா மறுக்க முடியாது."

போதகரின் மனைவி எழுந்து தையல்காரியருகே வந்தாள். பிள்ளைகள் மூன்றும் தாயின் பின்னாலேயே வந்தன.

"அந்தச் சீட்டை இப்படிக் குடும்மா" என்றாள். "அது எங்களோடது."