துப்பட்டாவின் மறுமுனை

எதிர் சீட்டில் ஒரு அப்பா வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். துப்பட்டாவின் ஒரு முனையைத் தன் மணிக்கட்டிலும், மறுமுனையை மகளின் காலிலும் கட்டிவிட்டுத்தான் கண்ணை மூடினார். வாண்டு அதை அவிழ்த்து, பைகளுக்கு நடுவே கிடக்கும் பொம்மையின் காலில் கட்டிவிட்டு எழுந்து நிற்கிறது. ரயில் குலுங்குகிறது, திறந்த கதவு வழியாக வெயில் தரையில் ஓடுகிறது. தூக்கத்திலேயே அவர் துப்பட்டாவை இழுத்துப் பார்க்கிறார். மறுமுனையில் ஏதோ கனக்கிறது. குறட்டை நிம்மதியாகத் தொடர்கிறது. “ஏன் பாப்பா அவிழ்த்தே?” என்று கேட்கிறேன். “பொம்மை தொலைஞ்சு போயிடும்ல?” “நீ தொலைஞ்சு போனா?” “அதான் அப்பா என்னைப் பிடிச்சிட்டிருக்காங்களே!” என்று அந்த மணிக்கட்டைக் காட்டிவிட்டு வெயிலைப் பார்க்கத் திரும்புகிறாள். அவள் கவுன் நுனி என் விரல்களுக்குள் இருப்பது இரண்டு பேருக்குமே தெரியாது.