ஐந்து போன், ஒரு தொண்டை

சிரிப்பு வரும். சத்தியமாக வரும். ஆனால் கடைசியில்தான். அதுவரைக்கும் என்னோடு சேர்ந்து நீங்களும் கொஞ்சம் நடுங்குங்கள்.

மேய்ப்பர் சங்க அறை. மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் ஐந்து போன்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் யாருடையது என்று சீட்டு ஒட்டியிருந்தது.

எட்டு நாளுக்கு முன்னால் வறட்சித் திட்டத்திலிருந்து எச்சரிக்கை வந்தது: இந்தப் பருவத்தில் மழை கிடையாது. அவ்வளவுதான். ஆடு மாடு, குழந்தை குட்டி, சட்டி பானையோடு ஊரே கிளம்பி, இதற்கென்றே யாரும் மேய்க்காமல் ஒதுக்கி வைத்திருந்த தூரத்து மேய்ச்சலுக்குப் போய்விட்டது. அங்கே டவரும் இல்லை, கரண்டும் இல்லை. எடுத்துப் போய் என்ன செய்ய என்று போன்களைச் சங்கத்திலேயே வைத்துவிட்டுப் போவது எங்கள் ஊர் வழக்கம்.

எனக்குப் பரீட்சை. அதனால் ஊரில் மிச்சம் இருந்தது நானும் அந்தப் பெட்டியும்.

சங்கச் செயலாளர் என் சித்திதான். கடைசித் தீவன வண்டியில் ஏறும்போது சொன்னாள்: "திட்டம் எப்படி நடக்குதுன்னு யாரோ ஒரு மேடம் போன்ல விசாரிப்பாங்களாம். எல்லாரும் ஊர்லதான் இருக்காங்கன்னு சொல்லிச் சமாளி. ஆளே இல்லன்னு தெரிஞ்சா, ஆளில்லாத ஊருக்குத் திட்டம் எதுக்குன்னு மூடிடுவாங்கடி. பக்கத்து ஊர் தையல் வகுப்பை அப்படித்தான் மூடினாங்க."

"மூடினா என்ன சித்தி?"

"மேய்ச்சல்ல இருக்கிற தண்ணி மோட்டாருக்கு டீசல் திட்டத்துலேர்ந்துதான் வருது. டீசல் நின்னா தண்ணி நின்னுடும்."

அந்த மோட்டார் தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் அங்கே அப்பாவும், அம்மாவும், இன்னும் நடக்கப் பழகாத என் தம்பியும் இருக்கிறார்கள்.

சொல்லிச் சமாளிப்பானேன்? தலைமையாசிரியர் குரலில் கதவுக்குப் பின்னாலிருந்து லீவு விட்டு, ஒரு வகுப்பையே வீட்டுக்கு அனுப்பிய தொண்டை என்னுடையது.

முதலில் இருமல் மாமாவின் போன் அடித்தது. அவர் குரலை எடுத்தேன்.

"ஐயா, எச்சரிக்கை வந்துச்சா?"

"வந்துச்சும்மா... லொக்... வந்துச்சு."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான். லொக். நான் எங்க போகப் போறேன்?"

"ம்." பேனா கிறுக்கும் சத்தம்.

அடுத்தது கீச்சு அத்தையின் போன்.

"வாசல்லயே உக்காந்திருக்கேன் கண்ணு! ஆடெல்லாம் இதோ, இங்கதான் நிக்குது!"

ஆதாரத்துக்கு ஓர் ஆட்டையும் கத்தவிட்டேன்.

"ஆடும் அங்கதானா?" மேடத்தின் குரல் ஏனோ இறங்கிவிட்டது.

மூன்றாவது, சரிசரி பெரியப்பா. "சரி சரி, இருக்கேன், வீட்டுலதான், சரி." நான்காவது, அவசரக்கார அண்ணன். "இங்கதான் மேடம் இங்கதான், சீக்கிரம் கேளுங்க!"

"நீங்களுமா?" என்றார் மேடம். வேறு எதுவும் கேட்காமல் வைத்துவிட்டார்.

எங்கேயோ இடறிவிட்டேன். எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஐந்தாவது போன் அப்பாவுடையது. அப்பா குரலை மட்டும் நான் எடுத்ததே இல்லை, அடி விழும் என்று. எடுத்தேன்.

"சொல்லுங்கம்மா."

"ஐயா, மறைக்காம சொல்லிடறேன். எச்சரிக்கை வந்தா ஒரு வாரத்துக்குள்ள ஆடு மாட்டோட கிளம்பணும். திட்டமே அதுதான். எட்டு நாளாச்சு. நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் வீட்டுல. நீங்களும் வீட்டுலதான்னா, திட்டம் தோத்துப் போச்சுன்னு எழுதறதைத் தவிர வேற வழியில்ல. நாளைக்கே டீசலை வேற இடத்துக்குத் திருப்பிடுவாங்க."

தம்பியின் காய்ந்த உதடு கண்முன் வந்தது. ஓடிப்போய்ச் சொல்லக்கூட முடியாது. இரண்டு நாள் நடை.

"இல்ல மேடம்!" அப்பாவின் குரல் பாதியில் உடைந்தது. "நாங்க எல்லாரும் அப்பவே கிளம்பிட்டோம். ஊர்ல யாருமே இல்ல!"

"யாருமே இல்லன்னா, இப்ப பேசறது யாரு?"

"நான்... அவரோட பொண்ணு. இருமின மாமாவும் நான்தான். அத்தையும் நான்தான். எல்லாமே நான்தான் மேடம்."

"ரிப்போர்ட்டை மாத்தறதுக்கு இப்படி ஒரு பொய்யா? சின்னப் பொண்ணை வேற பேசவிட்டு! போனை அப்பாகிட்ட குடும்மா."

"சத்தியமா மேடம்..."

"நான் வைக்கிறேன்."

நாலு பொய்யை நம்பியவருக்கு ஒரே ஓர் உண்மை தொண்டையில் இறங்கவில்லை.

இருமினேன். கீச்சினேன். சரி சரி என்றேன். அவசரப்பட்டேன். அப்படியும் பதில் இல்லை. வைத்துவிட்டாரா? கடைசியாக, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று மேடத்தின் குரலையே எடுத்தேன்.

"ஐயா, மறைக்காம சொல்லிடறேன். நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் வீட்டுல."

மறுமுனையில் மூச்சு சட்டென்று நின்றது.

"அப்ப... அந்த ஆடு?" என்றார் மெதுவாக.

"அதுவும் நான்தான் மேடம்."

காகிதம் கிழிபடும் சத்தம். அதைத் தாண்டிக்கொண்டு ஒரு பெரிய சிரிப்பு.

"அடிப்பாவி! மேய்ச்சல்ல டவர் கிடையாதுன்னு தெரிஞ்சுதானே போன் போட்டேன்? அஞ்சு போனையும் யாருமே எடுக்காம இருந்திருந்தா, அப்பவே உங்க ஊருக்கு முழு மார்க் போட்டிருப்பேனே!"